மணலும் சுண்ணாம்பும் உப்பும்: தார் பாலைவன மண்ணைப் படிப்போம் வாங்க!

"பாலைவனம்"னு சொன்னதும் உங்க மனசுல என்ன படம் வருது? மஞ்சள் மணல் மேடு, ஒட்டகம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒண்ணுமே இல்லாத வெளி. மணலைக் காற்று கொண்டுவந்து கொட்டியிருக்கும்னுதான் நம்மில் பலரும் நினைச்சுட்டு இருக்கோம். அது பாதி உண்மைதான். ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில், குறிப்பாக வடக்கே கங்காநகர், அனுமான்கட் பக்கம், அந்த மணலின் பெரும்பகுதியை முதலில் சுமந்து வந்தது ஆறு. காற்று அதைப் பிறகு கிளறி, சலித்து, மேடு கட்டியது.

ஆறு கொண்டுவந்து போட்ட மண்ணை வண்டல் என்கிறோம். வண்டல்னா தஞ்சாவூர் வயல் மாதிரி கொழகொழன்னு இருக்கணும்னு இல்லீங்க. ஆறு வேகமாக ஓடும் இடத்தில் மணலையும் சரளையையும்தான் போடும். வேகம் குறையும் இடத்தில்தான் களிமண் படியும். ஆக, மணல் வண்டல் என்பதும் உண்டு. அது வறண்ட நாட்டில் ஆயிரக்கணக்கான வருஷம் கிடந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை. "நான் மெக்கானிக்கல், எனக்கு எதுக்கு மண்ணு?"ன்னு தாவிடாதீங்க. சிவில், எலக்ட்ரிக்கல், கெமிக்கல் எல்லாருக்கும் இதில் வேலை இருக்கு.

காணாமல் போன ஆறு

கக்கர் என்று ஒரு ஆறு. மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் ஓடும். ஆனால் அதன் பழைய தடம் பல கிலோமீட்டர் அகலம்! இவ்வளவு சின்ன ஆற்றுக்கு இவ்வளவு பெரிய படுகையா? அங்கே துளை போட்டுப் பார்த்தால், மேல்மண்ணுக்குக் கீழே சாம்பல் நிறத்தில், மைக்கா மின்னும் மணல் கிடைக்கிறது. இமயமலை ஆறுகளில் கிடைக்கும் அதே மணல். ஐஐடி கான்பூரும் லண்டன் இம்பீரியல் கல்லூரியும் சேர்ந்து செய்து 2017-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு காலத்தில் சட்லெஜ் நதியே இந்தத் தடத்தில்தான் ஓடியது. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பு அது தடம் மாறிப் போய்விட்டது. ஆறு போனது, மணல் தங்கிவிட்டது.

ஒரு மண் ஆறு போட்டதா, காற்று போட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு குழி வெட்டிப் பக்கவாட்டுச் சுவரைப் பாருங்க. காற்று போட்ட மணலில் துகள்கள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். ஆறு போட்டதில் அடுக்கு அடுக்காக இருக்கும்: ஒரு அடுக்கு பருமணல், அதன் கீழ் மெல்லிய வண்டல் பட்டை, அதற்கும் கீழ் சிறு கற்கள். ஒவ்வொரு அடுக்கும் ஒரு வெள்ளம். இன்னொரு தடயமும் உண்டு. சாதாரண மண்ணில் கீழே போகப் போக மக்கிய பொருளின் அளவு சீராகக் குறையும். ஆற்று மண்ணிலோ ஏறி இறங்கும். ஏன்னா, பழைய மேல்மண்ணை அடுத்த வெள்ளம் அப்படியே மூடிவிட்டுப் போயிருக்கும்.

பெயரிலேயே ஜாதகம்

கெமிஸ்ட்ரியில் ஒரு சேர்மத்தின் பெயரைப் படித்தாலே அதன் அமைப்பு தெரியுமில்லையா? அமெரிக்க வேளாண் துறை உருவாக்கிய மண் வகைப்பாடும் அப்படித்தான். நம்ம ஊர் மண் ஆய்வாளர்களும் இதைத்தான் பயன்படுத்துறாங்க. தார் பகுதி மண்ணுக்கு அதில் வரும் ஒரு பெயர் "டோரிசாமென்ட்". வாயில் நுழையலையா? பிரிச்சுப் பார்ப்போம்.

கடைசியில் உள்ள "என்ட்" என்றால் இப்போதுதான் பிறந்த, இன்னும் அடுக்குகள் உருவாகாத இளம் மண். நடுவில் உள்ள "சாம்" மணலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். முன்னால் உள்ள "டோரி" வெப்பமும் வறட்சியும். ஆக, "வறண்ட நாட்டு இளம் மணல் மண்". நடுவில் "சாம்" போய் "ஃப்ளூவ்" வந்து "டோரிஃப்ளூவென்ட்" ஆனால், வறண்ட நாட்டு ஆற்று மண். கொஞ்சம் வயதாகி, கீழே சுண்ணாம்பு அடுக்கு சேர்ந்துவிட்டால் "கால்சிட்" என்று முடியும் பெயர்களுக்குப் போய்விடும். பெயரை வைத்தே அந்த மண்ணின் வயது, மூலம், தட்பவெப்பம் மூன்றையும் சொல்லிவிடலாம்.

மணலாக இருப்பதில் லாபமா, நஷ்டமா?

முதலில் நஷ்டத்தைப் பார்ப்போம். மண் தண்ணீரைப் பிடித்து வைப்பது துகளின் மேற்பரப்பில்தான். ஒரு கிராம் மணலின் மொத்த மேற்பரப்பு ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. கரிசல் மண்ணில் உள்ள மான்ட்மோரிலோனைட் களிமண்ணில் ஒரு கிராமுக்கு 800 சதுர மீட்டர் வரை போகும். அதனால்தான் ஒரு மீட்டர் ஆழ மணல் மண்ணில் செடி எடுக்கக்கூடிய தண்ணீர் 25 முதல் 100 மி.மீ. வரைதான். களிமண்ணில் அதுவே 175 முதல் 250 மி.மீ.

ஒரு சின்ன கணக்கு. வேர் 60 செ.மீ. ஆழம் போகிறது, மண்ணின் கொள்ளளவு மீட்டருக்கு 60 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வேருக்குக் கிடைப்பது 36 மி.மீ. கோடையில் ஒரு நாளைக்கு 9 மி.மீ. ஆவியாகப் போனால் நாலே நாளில் காலி! அதிகமாக ஊற்றி வைக்கலாமே என்றால், மிச்சமெல்லாம் வேரைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். இந்தக் கடைசி வரியை மனசுல வச்சுக்கோங்க, பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போ லாபம். ஜெய்சால்மர் பக்கம் ஆண்டு மழையே சுமார் 200 மி.மீ. தான். வெயில் ஆவியாக்கக்கூடிய அளவோ ஆண்டுக்குச் சுமார் 2,000 மி.மீ. அதாவது வரவைப் போலப் பத்து மடங்கு செலவு. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு நாள் 20 மி.மீ. மழை பெய்கிறது. மண்ணின் கன அளவில் நூற்றுக்கு 25 பங்கு தண்ணீரைப் பிடிக்கும் களிமண்ணாக இருந்தால், ஈரம் 8 செ.மீ. ஆழத்தோடு நின்றுவிடும். மேலாக நிற்பதால் வெயில் உறிஞ்சிவிடும். நூற்றுக்கு 8 பங்கு மட்டும் பிடிக்கும் மணலில் அதே மழை 25 செ.மீ. ஆழம் இறங்கும். மேலே சில செ.மீ. காய்ந்ததும் அந்த உலர்ந்த மணலே மூடி மாதிரி ஆகி, கீழுள்ள ஈரத்தைக் காப்பாற்றும். மழை நிறைய உள்ள ஊரில் களிமண் ராஜா. பாலைவனத்தில் மணல்தான் ராஜா.

இதை நம்பித்தான் அங்கே கம்பு விளைகிறது. சேவன் என்ற புல் வளர்ந்து மாடுகளைக் காக்கிறது. கேஜ்ரி மரம் ஆழமாக வேர்விட்டு நிற்கிறது. கேஜ்ரி வேறு ஏதோ மரம் இல்லீங்க, நம்ம ஊர்க் கோயில்களில் தலமரமாக நிற்கும் அதே வன்னிதான்! ராஜஸ்தானின் மாநில மரமும் அதுதான்.

காரம் எங்கிருந்து வருது?

பாறை சிதையும்போது கால்சியம், மெக்னீசியம், சோடியம் எல்லாம் வெளியே வரும். மழை அதிகமுள்ள ஊரில் இவையெல்லாம் கரைந்து, நிலத்தடி நீரோடு சேர்ந்து கடலுக்குப் போய்விடும். மிஞ்சுவது அமிலத்தன்மை உள்ள செம்மண். பாலைவனத்தில் கழுவிக்கொண்டு போக அவ்வளவு தண்ணீர் இல்லை. கொஞ்சதூரம் இறங்கிய மழைநீர் அங்கேயே காய்ந்துவிடும். அதிலிருந்த கால்சியம், கார்பனேட்டாகப் படிந்துவிடும். இதுதான் குழி வெட்டினால் வெள்ளை வெள்ளையாகக் கிடைக்கும் சுக்கான்கல். பொதுவாக மழை குறையக் குறைய அந்த அடுக்கு மேலே மேலே வரும். ஆக, சுக்கான்கல்லின் ஆழம் ஒரு இயற்கை மழைமானி.

கால்சியம் கார்பனேட்டைத் தண்ணீரில் போட்டுத் திறந்த காற்றில் வைத்தால் பிஎச் ஏறக்குறைய 8.3-ல் நிற்கும். அது ஒரு பஃபர். அதனால் பிஎச் 8 முதல் 8.5 வரை இருந்தால், "சரி, சுண்ணாம்பு வேலை"ன்னு புரிந்துகொள்ளலாம். 8.5-ஐத் தாண்டி 9, 10 என்று ஏறினால் விஷயம் வேற. அங்கே சோடியம் கார்பனேட் உள்ளே வந்துவிட்டது. இதைத்தான் விவசாயிகள் களர் என்கிறார்கள்.

களர், உவர் ரெண்டையும் நாம பெரும்பாலும் சேர்த்தே சொல்லுவோம். ஆனால் ரெண்டும் வேற வேற. அமெரிக்க உவர்மண் ஆய்வகம் 1954-ல் வகுத்த எல்லைகள்தான் இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கு:

- உவர்: மண் கரைசலின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல். உப்பு அதிகம். செடியால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினால் சரியாகும்.
- களர்: களிமண் துகள்கள் பிடித்துவைத்துள்ள அயனிகளில் சோடியத்தின் பங்கு நூற்றுக்கு 15-க்கு மேல், பிஎச் பெரும்பாலும் 8.5-க்கு மேல். துகள்கள் சிதறி, துளைகளை அடைத்து, மேலே ஓடு கட்டிவிடும். வெறும் தண்ணீர் விட்டால் இன்னும் மோசமாகும். முதலில் ஜிப்சம் போட்டு சோடியத்தைக் கால்சியத்தால் வெளியேற்றி, பிறகுதான் கழுவணும்.

நோய் எதுவென்று தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது என்பது மண்ணுக்கும் பொருந்தும்.

பிஎச் அதிகமானால் இன்னொரு தொல்லை. மண்ணில் இரும்பு நிறைய இருக்கும், ஆனால் செடிக்குக் கிடைக்காது. பிஎச் ஒரு அலகு கூடினால் கரைந்திருக்கும் ஃபெரிக் அயனியின் அளவு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. இலை மஞ்சளாகிவிடும், நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும். துத்தநாகம், பாஸ்பரஸ் கதையும் கிட்டத்தட்ட இதேதான். யூரியாவை மேலாகத் தூவினால் அதில் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் பறந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய உரம், வாசனையாகப் போய்விடும்!

தண்ணீர் வந்தது, பின்னாலேயே உப்பும் வந்தது

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். சட்லெஜும் பியாஸும் கூடுகிற இடத்தில், பஞ்சாபின் ஹரிகே அணையிலிருந்து தார் பாலைவனத்துக்கு ஒரு கால்வாய். வேலை தொடங்கியது 1958-ல். ராஜஸ்தான் கால்வாய் என்று இருந்த பெயர் பின்னர் இந்திரா காந்தி கால்வாய் ஆனது. நீளம் 649 கி.மீ. குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊர்களில் கோதுமையும் பருத்தியும் விளைந்தன. இதைக் குறைத்துப் பேசவே முடியாது. எத்தனையோ குடும்பங்களின் வாழ்க்கை இதனால் மாறியது.

ஆனால் மண் தன் கணக்கை விடவில்லை. "மிச்சத் தண்ணீர் வேரைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும்"னு பார்த்தோமே, அந்தத் தண்ணீர் எங்கே போனது? பல இடங்களில் மணலுக்குக் கீழே சில மீட்டர் ஆழத்தில் ஜிப்சம், களிமண், சுக்கான்கல் கொண்ட கெட்டியான அடுக்கு ஒன்று இருக்கிறது. தண்ணீர் அதைத் தாண்டிப் போக முடியாமல் அங்கேயே தேங்கியது. நிலத்தடி நீர்மட்டம் வருஷா வருஷம் ஏறியது. அனுமான்கட், கங்காநகர் மாவட்டங்களில் சில இடங்களில் நீர் தரைக்கே வந்து, வயல் இருந்த இடத்தில் குட்டை நின்றது. பாலைவனத்தில் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகியது என்றால் நம்புவீர்களா? நடந்தது அதுதான்.

நீர்மட்டம் தரை வரை வரக்கூட வேண்டாம். நுண்துளை ஏற்றம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஃபிசிக்ஸில் படித்த கேப்பிலரி சூத்திரம் ஞாபகம் இருக்கா? துளையின் விட்டம் 0.05 மி.மீ. என்றால் தண்ணீர் சுமார் 60 செ.மீ. உயரம் தானாக ஏறும். வண்டல் பட்டைகளில் இதைவிட அதிகம் ஏறும். மேலே வந்த தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது.

"கால்வாய்த் தண்ணீர் நல்ல தண்ணிதானே, அதில் எங்கே உப்பு?" என்று கேட்கலாம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 200 மில்லிகிராம் உப்புதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கவே ஏற்ற தண்ணீர். ஒரு ஹெக்டேருக்கு வருஷத்துக்கு 600 மி.மீ. பாய்ச்சினால் அது 6,000 கன மீட்டர். அதில் உள்ள உப்பு 1,200 கிலோ! வருஷா வருஷம், ஒவ்வொரு ஹெக்டேரிலும், ஒரு டன்னுக்கு மேல். வடிகால் இருந்தால் இது வெளியே போகும். இல்லாவிட்டால் அங்கேயே சேரும். இதோடு மண்ணில் ஏற்கெனவே உறங்கிக்கொண்டிருந்த உப்பும் விழித்துக்கொள்ளும்.

இதில் ஒரு வேடிக்கை: களரைக் குணப்படுத்தும் மருந்து ஜிப்சம். நம் நாட்டு ஜிப்சத்தில் பெரும்பகுதி கிடைப்பதும் ராஜஸ்தானில்தான். அதே ஜிப்சம் அடுக்காகக் கீழே கிடந்து வடிகாலை அடைக்கிறது.

தீர்வுகள் இல்லாமல் இல்லை. வாய்க்கால் ஓரமாக யூகலிப்டஸ் நட்டு, மரங்களையே பம்ப் மாதிரி பயன்படுத்தி நீர்மட்டத்தை இறக்கினார்கள். நிலத்துக்கு அடியில் துளையிட்ட குழாய்கள் பதித்து உப்புநீரை வெளியேற்றும் முறையும் உண்டு. வெள்ளமாகப் பாய்ச்சுவதை விட்டுத் தெளிப்பு நீர், சொட்டு நீருக்கு மாறுவது வரும்முன் காக்கும் வழி. ஆனால் கால்வாய் வெட்டும்போதே வடிகாலையும் சேர்த்து யோசித்திருந்தால் இவ்வளவு செலவு வந்திருக்காது. நாளைக்கு நீங்க ஒரு பாசனத் திட்டத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருந்தால், "தண்ணீர் எப்படி வரும்?" என்று கேட்ட அடுத்த நிமிஷமே "எப்படி வெளியே போகும்?" என்றும் கேளுங்க.

நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு என்ன?

சிவில் நண்பர்களே, வறண்ட நாட்டு வண்டலில் துகள்களுக்கு நடுவே கொஞ்சம் களியும் கார்பனேட்டும் பசை மாதிரி ஒட்டியிருக்கும். காய்ந்திருக்கும்போது நல்ல பலம் காட்டும். நனைந்தால் பசை விட்டு, சுமை ஏறாமலேயே திடீரென்று அமுங்கும். கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் 1960-களில் பெரிய கால்வாய் கட்டியபோது, இப்படிப்பட்ட இடங்களில் முதலில் குளம் கட்டி நிலத்தை ஊறவைத்து, அமுங்க விட்டுவிட்டுத்தான் கால்வாயே வெட்டினார்கள். எனவே உலர்ந்த மண்ணில் எடுத்த எஸ்பிடி எண்ணை மட்டும் நம்பாதீங்க. ஈடோமீட்டரில் நனைத்துப் பார்க்கும் சோதனையும் அவசியம். அஸ்திவார கான்கிரீட்டுக்கு சல்பேட் பரிசோதனையும் கட்டாயம். ஐஎஸ் 456-ன் நான்காம் அட்டவணைப்படி மண்ணில் சல்பேட், அதாவது எஸ்ஓ3, 0.2 சதவீதத்தைத் தாண்டினாலே சிமென்ட் வகை பற்றி யோசிக்கணும். ஜிப்சம் உள்ள நிலத்தில் அது சுலபமாகத் தாண்டும்.

எலக்ட்ரிக்கல் நண்பர்களே, பட்லா சூரிய மின் பூங்கா இதே தாரில்தான், 2,245 மெகாவாட். உலர்ந்த மணலின் மின்தடை மிக அதிகம், அதனால் எர்த்திங் ஒரு தனிப் போராட்டம். உலர்ந்த மணல் வெப்பத்தையும் சரியாகக் கடத்தாது. புதைத்த கேபிள் சூடாகும், அதற்கேற்ப அதன் திறனைக் குறைத்துத்தான் கணக்கிடணும்.

மண்ணைப் படித்தவர்கள்

இந்த மண்ணை முதலில் படித்தது நாம இல்லை. கக்கர் கரையில் காலிபங்கன் என்ற ஊரில், ஹரப்பா நகரம் எழுவதற்கும் முந்தைய உழுத வயல் ஒன்றை 1960-களில் தொல்லியல் துறை தோண்டி எடுத்தது. ஒரு திசையில் 30 செ.மீ. இடைவெளியில் நெருக்கமான சால்கள், குறுக்கே 190 செ.மீ. இடைவெளியில் அகலச் சால்கள். ஒரே வயலில் ரெண்டு பயிர்! அந்தப் பக்கத்து விவசாயிகள் இருபதாம் நூற்றாண்டிலும் அதே மாதிரி உழுதுகொண்டிருந்தார்கள்.

ஜெய்சால்மரில் பாலிவால் சமூகத்தார் வளர்த்தெடுத்த கடீன் முறை இன்னொன்று. பாறைச் சரிவில் விழும் மழையைத் தாழ்வான இடத்தில் ஒரு நீண்ட மண் கரை போட்டு நிறுத்துவார்கள். தண்ணீரோடு மென்மையான வண்டலும் வந்து படியும். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியதும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். மழை, வண்டல், வடிகால் மூன்றையும் ஒரே கரையில் கட்டியவர்கள் அவர்கள். மிச்ச நீரை வெளியே விட ஒரு மதகும் வைத்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்க!

நீங்களே செய்து பாருங்க

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு மண்ணும் மீதி தண்ணீரும் ஊற்றி நல்லா குலுக்கி வையுங்க. சுமார் ஒரு நிமிஷத்தில் அடியில் படிவது மணல், இரண்டு மணி நேரத்தில் அதன் மேல் படிவது வண்டல், அடுத்த நாளும் கலங்கலாக நிற்பது களி. ஸ்டோக்ஸ் விதி உங்க கண் முன்னால். நாட்கணக்கில் தெளியவே இல்லையென்றால் சோடியத்தின் மேல் சந்தேகப்படலாம். இன்னொரு பிடி மண்ணில் கொஞ்சம் வினிகர் விடுங்க. நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. லேபில் பிஎச் மீட்டரும் கண்டக்டிவிட்டி மீட்டரும் சும்மாதானே கிடக்கு, ஒரு பங்கு மண்ணுக்கு ரெண்டரை பங்கு காய்ச்சி வடித்த நீர் கலந்து அளந்து பாருங்க. உங்க நிலம் உவரா, களரா, வெறும் சுண்ணாம்பு மண்ணா என்று ஒரு குறிப்பு கிடைச்சிடும். வீட்டில் உரம் வாங்கப் போவதற்கு முன்னால் அந்த எண்களை அப்பாகிட்டயோ தாத்தாகிட்டயோ சொல்லுங்க, மண் பரிசோதனை நிலையத்தில் ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் பிறகு முடிவு எடுக்கட்டும்.